ஏழாம் வரியில் தோற்றேன்

நான் சமைத்ததை நானே ருசி பார்க்கவில்லை என்பதற்காக என்னை ஃபெயில் ஆக்கினார்கள்.

சமையல் மோசம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சமையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஃபெயில் போட்டார்கள். அந்தச் சண்டையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண் தாளில் பன்னிரண்டு வரிகள். பதினொன்றில் டிக் இருந்தது. ஏழாவது வரியில் மட்டும் பெருக்கல் குறி. சமைக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் சுத்தமான ஸ்பூனால் ருசி பார்க்க வேண்டும் என்பது அந்த வரி. அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட வரியில் தவறினால் மற்ற பதினொன்றும் குப்பை.

என் வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடமாக சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்பக்கம் ஒரு சைவ உணவுக்கடையில் சமைக்கிறேன். காலையில் இட்லிக்கு வரிசை நிற்கும், மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அதைவிடப் பெரிய வரிசை. நான் வைத்த சாம்பாரைச் சாப்பிடாத தமிழன் இந்த ஊரில் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளை ஒரு ஸ்பூன் தோற்கடித்தது.

எங்கள் கடையில் சமைக்கிறவர்கள் ருசி பார்க்கக் கூடாது. அது முதலாளியின் அப்பா வைத்த வழக்கம். சமையலறையின் உள்சுவரில் ஒரு தட்டு, அதில் சாமி படம். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் முதல் கரண்டி அந்தப் படத்துக்கு முன்னால் போகும். அதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் அது எச்சில். முதல் கரண்டி போன பிறகு ருசி பார்க்கலாம் என்று யாராவது நினைக்கலாம். அதற்குள் வெளியே நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு நேரம்? வாசனையை வைத்தும், கொதிக்கிற சத்தத்தை வைத்தும், நிறத்தை வைத்தும்தான் சமைப்போம். உப்புக்கு மட்டும் ஒரு ஏற்பாடு. உப்பு போட்டவர் உரக்கக் கத்த வேண்டும். "சாம்பார் உப்பு போட்டாச்சு!" என்றால் எல்லோரும் "ஆச்சு!" என்று திருப்பிக் கத்த வேண்டும். அப்போதுதான் இன்னொருவர் வந்து அதே பாத்திரத்தில் உப்பைக் கொட்ட மாட்டார். வெளியே சாப்பிடுகிறவர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைப்பார்கள்.

நான் வீட்டில் மீன் சாப்பிடுகிறவள். பெரிய பக்திக்காரியும் இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் பழகிய கை. சமைக்கும்போது அது வாய்ப்பக்கம் போகாது.

சமையல் படிக்கக் காலேஜுக்கு நான் போனதற்குக் காரணம் என் வலது தோள். ஐம்பது பேருக்கான பானையை இறக்கி ஏற்றி, மூட்டு தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, "இன்னும் ஒரு வருஷம் இப்படியே தூக்குனா, அப்புறம் தலை சீவக்கூட இந்தக் கை வராது," என்றார். பாத்திரம் தூக்காத வேலை கடையில் ஒன்றே ஒன்றுதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். முதலாளி பிடோக்கில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் பெரிய சமையற்கூடம் எடுத்திருந்தார். கடையின் மூன்று கிளைகளுக்கும் அங்கிருந்துதான் சாப்பாடு போகும். அதற்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். நின்று பார்க்கிற வேலை, சொல்கிற வேலை. சொல்வதற்கு என்னைவிட ஆள் யார்?

"சர்ட்டிஃபிகேட் வேணும்மா," என்றார் முதலாளி. "காலேஜ்ல சாயங்காலம் கோர்ஸ் இருக்கு. நானே ஃபார்ம் நிரப்பித் தரேன். அஞ்சு மாசத்துல கூடம் திறக்கணும். உன் கையில சர்ட்டிஃபிகேட் இருந்தா உனக்கு. இல்லன்னா வெளிய ஆள் எடுத்துதான் ஆகணும். அதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சம்பள நாளைத் தவிர மற்ற நாட்களில் எங்கள் பக்கம் திரும்பாத மனிதர், எனக்காக உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார். நல்லவர்தான் என்று நினைத்தேன். அப்போது அவ்வளவுதான் தெரியும்.

காலேஜ் அரசாங்கத்துடையது. கட்டடம் விமான நிலையம் மாதிரி. பகலில் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள், சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகள். முதல் நாள் நான் கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கதவைத் திறந்து, "ஆன்டி, பேப்பர் முடிஞ்சிருச்சு," என்றாள். நானும் போய் அலமாரியைத் திறந்து ஒரு சுருள் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கோபம் வந்தது. நான் படிக்க வந்தவள் என்று கத்தலாம் என்று பார்த்தால் அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தமிழ் முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது சிறியவர். ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். வகுப்பில் எல்லோரும் அவரை செஃப் என்று கூப்பிட வேண்டும். வகுப்புக்கு வெளியே அவர் என்னை அக்கா என்பார். பாடம் ஆங்கிலத்தில். நான் உயர்நிலை இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் விழிப்பதைப் பார்த்தால், தன் வாக்கியத்தின் வாலில் இரண்டு சொல் தமிழில் ஒட்டுவார். நல்ல மனிதர். அதனால்தான் அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

முதல் வாரத்திலேயே இரண்டு தகர டப்பாக்களைக் காட்டினார். இடது பக்க டப்பாவில் சுத்தமான ஸ்பூன்கள். வலது பக்கம் காலி டப்பா. எடுத்து, ருசி பார்த்து, வலது பக்கம் போட வேண்டும். ஒரு ஸ்பூனை இரண்டு தடவை வாயில் வைக்கக் கூடாது. "சமையல்காரன் ருசி பாக்கலன்னா சாப்பிடுறவன்தான் ருசி பாக்கணும். அவன் காசு குடுத்து வந்தவன்," என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். ஒரு வெளி ஆர்டர். இருநூறு பேருக்குக் கறி. இரண்டு பேர் தனித்தனியாக உப்பு போட்டுவிட்டார்கள். யாரும் ருசி பார்க்கவில்லை. விருந்தாளிகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடி ஓடினார்களாம். வீட்டுக்காரர் மானம் போய், பக்கத்துக் கடைகளில் ரொட்டி பரோட்டா வாங்கிப் பரிமாறினாராம்.

வகுப்பே சிரித்தது. நான்தான் உரக்கச் சிரித்தேன்.

"செஃப், அந்தக் குக்க வேலைய விட்டுத் தூக்கலையா?" என்று கேட்டேன்.

"தூக்கல."

"அப்ப அந்த முதலாளி முட்டாள் லா. நானா இருந்தா அந்தக் கையில ரெண்டு போட்டிருப்பேன்."

செஃப் அதை ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். மறுபடியும் சிரிப்பு. எனக்குப் பக்கத்து அடுப்பில் இருந்த சீனர், பகலில் டாக்சி ஓட்டுகிறவர், மேசையைத் தட்டிச் சிரித்தார். கறி என்றுதான் செஃப் சொன்னார். கோழியா ஆடா என்று யார் கேட்டது? ஏதோ ஹோட்டலில் நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்கு வாரம் போனேன். சுவா சூ காங்கில் வீடு, லிட்டில் இந்தியாவில் வேலை, காலேஜ் இன்னொரு மூலையில். ரயிலில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் செஃப் பக்கத்தில் நிற்கும்போது ஞாபகமாக ஸ்பூனை எடுப்பேன். அவர் நகர்ந்தால் விட்டுவிடுவேன். அவர் பார்த்துவிட்டு, "அக்கா, ஸ்பூன்," என்பார். "ஆமா ஆமா," என்பேன். இப்படியே பத்து தடவை சொல்லியிருப்பார். என் தவறுதான். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. ஸ்பூன் எல்லாம் சமைக்கத் தெரியாதவர்களுக்கு என்றுதான் நினைத்தேன்.

தேர்வு நாளில் மூன்று மணி நேரம், மூன்று சமையல். பூசணி சூப், தக்காளி சாஸ், நாசி கோரெங் என்ற மலாய் வறுத்த சோறு. தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர். பெரிய ஹோட்டலில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சீனர். முகத்தில் ஒன்றும் தெரியாது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். எனக்கு நடுக்கமே இல்லை. வெங்காயம் நறுக்குவதில் அந்த அறையில் என்னை யாரும் பிடிக்க முடியாது. சூப்பில் உப்பு போட்டபோது வாய் தானாகக் கத்திவிட்டது: "உப்பு போட்டாச்சு!" அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. டாக்சிக்காரர் மட்டும், என்ன புரிந்ததோ, "ஆச்சு!" என்று திருப்பிக் கத்தினார். வகுப்பில் என்னிடம் கேட்டுப் பழகியது.

மூன்றையும் தட்டில் வைத்தேன். தேர்வாளர் சூப்பை ஒரு வாய் குடித்தார். தலையை ஆட்டினார். சாஸைத் தொட்டுப் பார்த்தார். நாசி கோரெங்கை மூன்று வாய் சாப்பிட்டார். வெரி குட் என்றார். நான் மனதுக்குள் பிடோக்குக்கே போய்விட்டேன். பிறகு அவர் என் வலது பக்க டப்பாவை எடுத்தார். அதைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"உன் ஸ்பூன்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் இடது பக்க டப்பாவைக் காட்டினேன். அது நிரம்பியிருந்தது. வைத்தது வைத்தபடி.

அவர் எழுதினார். எழுதும்போதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அடுப்புக்குப் போய்விட்டார். டாக்சிக்காரரின் டப்பாவில் ஸ்பூன் குவிந்து கிடந்தது. "ஆன்டி, நான் முப்பது ஸ்பூன். இன்னிக்கி எனக்கு டின்னர் வேணாம்," என்று ஆங்கிலத்தில் என் காதில் சொன்னார். ஆறுதல் சொல்கிறாராம். போய்யா என்றேன்.

எல்லோரும் போன பிறகு செஃப்பைப் பிடித்தேன்.

"செஃப், அவரே வெரி குட்னு சொன்னாரு. நீங்களும் கேட்டீங்க. அப்புறம் என்ன ஃபெயில்?"

"அக்கா, பத்து தடவ சொன்னேன்."

"ருசி சரியா இருக்குல்ல? சரியா இருக்கிறத எதுக்குத் திரும்பப் பாக்கணும்? உங்க அம்மா வீட்டுல பாத்துட்டுத்தான் சமைக்கிறாங்களா?"

"அம்மா இருநூறு பேருக்குச் சமைக்கல."

"இது யாரு போட்ட ரூல்? சமையல் தெரியாத எவனோ ஆபீஸ்ல உக்காந்து எழுதினது."

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. பாவம், காலையிலிருந்து நிற்கிறவர். "ஆபீஸ்ல எழுதலக்கா. கடைக்காரங்க கேட்டது. வருஷா வருஷம் முதலாளிங்களக் கூப்பிட்டு, எப்படிப்பட்ட ஆள் வேணும்னு கேக்குறோம். அவங்க சொல்றதத்தான் பாடமா வெக்கிறோம். அந்த ஸ்டாரே அவங்க கேட்டு வெச்சது." மேசை இழுப்பறையிலிருந்து பாடத்திட்டக் கோப்பை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆலோசனை சொன்ன முதலாளிகளின் பட்டியல். "பாருங்க. இந்த ஊர்ல பேர் சொன்னா தெரியிற கடைங்கதான்."

பார்த்தேன். நான்காவதாக எங்கள் கடையின் பெயர் இருந்தது.

நான் இரண்டு தடவை படித்தேன். என் ஆங்கிலம் மட்டம்தான். ஆனால் சம்பளச் சீட்டில் மாதாமாதம் பார்க்கிற பெயரை எனக்குப் படிக்கத் தெரியும். செஃப் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு வாரத்தில் மறுதேர்வு, ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. அது மட்டும்தான் காதில் விழுந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். செஃப்பின் மேசையில் கழற்றி வைத்த கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை கடைக்குப் போனபோது முதலாளி முன்மேசையில் வாழையிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, காலேஜ்ல போய், சமைக்கிறவன் ருசி பாக்கணும்னு சொன்னது நீங்களா?"

இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யார் சொன்னா?"

"பேப்பர்ல நம்ம கடை பேர் இருக்கு. நாலாவது."

"பத்துப் பதினஞ்சு பேர் உக்காந்திருந்தோம்மா. நானும் இருந்தேன்."

"அந்த வரியக் கேட்டது யாரு?"

அவர் ஒரு இலையைக் கிழித்துவிட்டார். "நான்தான்."

"இங்க இருபத்திரண்டு வருஷமா ருசி பாக்காதே, எச்சிலாக்காதேன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

பின்னால் பாத்திரம் கழுவும் அக்கா குழாயை நிறுத்திவிட்டார். கடையில் என்னைவிட வயதில் மூத்தவர் அவர் ஒருவர்தான். அவர் குழாயை நிறுத்தினால் எங்கோ சண்டை என்று அர்த்தம்.

"உக்காரும்மா," என்றார் முதலாளி.

"நிக்கிறேன்."

"உங்க சுவா சூ காங்ல ஒரு புதுமனை புகுவிழா ஆர்டர். ஆறு வருஷம் இருக்கும். ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? என் வீட்டுக்கு இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளி. சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாம் நான். பானைகள் வழித்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தன. சமைக்கிறவளுக்குக் காலிப் பானையைவிட வேறு சர்ட்டிஃபிகேட் கிடையாது. அந்தப் புளோக்கைத் தாண்டும்போதெல்லாம் என் மகளிடம், "ஏழாவது மாடி வீட்டுக்கு நான்தான் சமைச்சேன், ஒரு பருக்கை மிஞ்சல," என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை தடவை என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

"எல்லாம் காலியா வந்துச்சே," என்றேன்.

"காலியாத்தான் வந்துச்சு. சாம்பார மட்டும் கொட்டிட்டாங்க."

முதலாளி மெதுவாகச் சொன்னார். காலை ஷிப்ட் மாஸ்டர் உப்பு போட்டுவிட்டுக் கத்தியிருக்கிறார். நான் குளிர் அறைக்குள் தேங்காய் எடுக்கப் போயிருந்தேன். அதன் கதவு சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. வந்து, நானும் போட்டேன். நானும் கத்தினேன். "ஆச்சு!" என்று எல்லோரும், எந்தப் பாத்திரம் என்று யோசிக்காமல், திருப்பியும் கத்தினார்கள். மாஸ்டர் அதற்குள் வண்டியில் சாமான் ஏற்றப் போய்விட்டார். விருந்தாளிகள் தண்ணீருக்கு ஓடியது, வீட்டுக்காரர் பரோட்டாவுக்கு ஓடியது, எல்லாம் அங்கேதான். கறி என்று செஃப் சொன்னது, முதலாளி காலேஜ் கூட்டத்தில் சொன்ன என் சாம்பாரைத்தான். நான் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். கையில் இரண்டு போடுவேன் என்றேனே, அந்தக் கை என் தோளிலிருந்துதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

முதலாளி அடுத்த இலையை எடுத்தார். பாத்திரம் கழுவும் அக்காதான் சொன்னார். "எல்லாருக்கும் தெரியும்டி. நான்தான அந்தப் பானையக் கழுவினேன். மூடியில ஒட்டியிருந்ததத் தொட்டு நாக்குல வெச்சேன். யம்மா! கடல்."

"நீங்க மட்டும் நக்கிப் பாக்கலாமா?"

"நான் சமைக்கிறவளா? கழுவுறவ லா. சாமிக்கும் எனக்கும் சண்டை கிடையாது."

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே."

"உன்கிட்டயா?" என்றார் முதலாளி. அவர் குரல் அப்போதுதான் ஏறியது. "அப்பளம் கருகிருச்சுன்னு ஒரு வார்த்த சொன்னேன். ஜல்லிக்கரண்டிய வீசுன."

"வீசல. வெச்சேன்."

"சுவத்துலயா வெச்ச? ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் லீவு. பொங்கல் நேரம். நான் என்னம்மா செய்வேன்? இதச் சொன்னா நீ போயிடுவ. போனா உன்ன மாதிரி ஆள் கிடைக்குமா? நான் சொன்னா கேக்க மாட்ட. காலேஜ் சொன்னா கேப்பன்னு நெனச்சேன். அதுக்குத்தான் ஃபார்ம் நிரப்பித் தந்தேன்."

"ருசி பாருன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் உள்சுவர்ப் பக்கம் பார்த்தார். "அப்பா வெச்ச வழக்கத்த நான் எப்படி வாயால மாத்துறது?"

ஒரு மனிதர். அப்பாவுக்குப் பயம், சமையல்காரிக்குப் பயம். இரண்டு பேரிடமும் சொல்ல முடியாததை ஊர் முதலாளிகளை எல்லாம் கூட்டி வைத்துக் கேட்கிற இடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். காலேஜும் அதை எழுதி வைத்து, நட்சத்திரம் போட்டு, பாடமாக்கி, அவர் அனுப்பிய ஆளுக்கே நடத்தியிருக்கிறது. வேலைக்கு என்ன வேண்டும் என்று முதலாளியைக் கேட்பது சரி. ஆனால் அந்த முதலாளிக்குத் தன் சமையலறைக்குள் வாயைத் திறக்கத் தைரியம் இல்லை என்பதை யாராவது கேட்டார்களா?

அன்றைக்கு நான் சமைத்தேனா என்று ஞாபகம் இல்லை. சமைத்திருப்பேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல மூன்று தடவை முன்மேசைக்குப் போனேன். மூன்று தடவையும் தோள் வலித்தது. திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். கரண்டி சுவரில்தான் பட்டது. அந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆறு வருடம் நான் அதற்குப் பக்கத்திலேயே நின்று சமைத்திருக்கிறேன். என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ஒரே விஷயத்தை விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கோபக்காரி என்றால் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அதிர்ச்சி தேர்வில் தோற்றதைவிடப் பெரியது. இப்போது எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

மறுதேர்வுக்குப் போனேன். அதே தேர்வாளர், அதே அட்டை, அதே மூன்று சமையல். சூப் கொதித்ததும் உப்பு போட்டேன். கத்தவில்லை. ஸ்பூனை எடுத்து முக்கினேன். வாய்க்கு அருகில் வந்ததும் கை நின்றது. சொன்னால் சிரிப்பார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் என்னை அடிக்கப் போவதில்லை. அந்த அறையில் சாமி படமும் இல்லை. ஆனாலும் திருடுகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன்.

உப்பு இல்லை.

கொஞ்சம் குறைவு என்று சொல்லவில்லை. இல்லவே இல்லை. நான் ஒரு சிட்டிகை போட்டேன் என்று கை சொல்லிற்று, நாக்கு இல்லை என்றது. மறுபடி போட்டேன். இன்னொரு ஸ்பூன். இன்னும் போட்டேன். மூன்றாவது ஸ்பூனில்தான் சூப் சூப்பாக ஆனது. போன தடவை வெரி குட் வாங்கியது குருட்டு அதிர்ஷ்டமா? நான்கு பேருக்கான சின்னப் பாத்திரத்தில் என் கை ஏமாந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் பெரிய பாத்திரத்தில் இருபத்திரண்டு வருடமாக அது ஏமாறவே இல்லை என்று யார் சொன்னது? யாராவது என்னிடம் சொல்லியிருப்பார்களா? அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு இதை நினைத்தேன். தக்காளி சாஸ் அடிப்பிடிக்கப் பார்த்தது. ஓடிப்போய்க் கிளறினேன்.

தேர்வாளர் டப்பாவைக் கவிழ்த்தார். பதினொரு ஸ்பூன்கள் மேசையில் விழுந்தன. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். டிக் போட்டார். செஃப் தூரத்தில் நின்று கட்டைவிரலைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். பிறகு மனது கேட்காமல் போய், "தேங்க்ஸ் தம்பி," என்றேன். செஃப் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

பிடோக் கூடம் சொன்ன தேதியில் திறந்தது. இப்போது நான் பாத்திரம் தூக்குவதில்லை. முதல் நாளே இரண்டு டப்பாக்களை ஒவ்வொரு அடுப்புக்கும் வைத்தேன். சாமிக்கு உரியதை முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு ருசி பார்க்கச் சொன்னேன். முதலாளி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற ஆளா அவர்? எல்லோரையும் நிற்க வைத்து ஒன்று சொன்னேன்: "நான் சமைச்சது சரியில்லன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். பின்னாடி பேசுனா தொலைச்சிடுவேன்." ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம், மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிற ஒரு பெண், வந்து நான்கு நாள்தான் ஆனவள், நான் தாளித்த ரசத்தில் ஸ்பூனை விட்டு, வாயில் வைத்து, முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, ரசம் புளிக்குது."

"என்னடி சொன்ன?"

"புளிக்குதுக்கா."

நான் கத்தினேன். எவ்வளவு நாளாகச் சமைக்கிறேன் தெரியுமா என்றேன். உன் வயது என்ன என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். எல்லாக் கரண்டிகளும் நின்றுவிட்டன. ஒருவன் அடுப்பையே அணைத்துவிட்டான். அவள் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஆனால் தரையைப் பார்க்கவில்லை.

"நீங்கதானக்கா சொல்லச் சொன்னீங்க," என்றாள்.

நான் இடது பக்க டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தேன். ரசத்தில் முக்கி வாயில் வைத்தேன். பல் கூசியது.

ஸ்பூனை வலது பக்கம் போட்டேன். சத்தமாகவே விழுந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு தண்ணி ஊத்தலாம்?" என்று அவளைக் கேட்டேன்.

"அரை மக்கு போதும்க்கா. கொஞ்சம் வெல்லமும்."

வெல்லம் வேண்டாம் என்றேன். அவள் வேண்டும் என்றாள்.